கரும்பைக் காக்கும் சிற்றுயிர்கள்

தில்லியிலிருந்து ஹரித்துவாரத்துக்குப் புறப்படும் நம்மவர், மோதிநகர் தாண்டியதும் சன்னல் வழியே காண்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். மீரட், முஜப்பர்நகர், ரூர்க்கி என்று ஊர்ப்பெயர்கள் மாறுகின்றன. இருமருங்கும் நிற்கும் கரும்பு மட்டும் மாறுவதில்லை. பொங்கலுக்கு முந்திய நாள் இரண்டு கழிக் கரும்புக்காகத் தலைநகரின் கடைத்தெருக்களில் அலைந்து திரியும் நமக்கு, மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் அந்தப் பசுமை சற்றே ஏக்கத்தை உண்டாக்கும். கழிகள் மெல்லியவை, தோல் கடினமானது, நம் ஊர்ச் செங்கரும்போடு அவற்றுக்கு உறவு இருப்பதாகவே தோன்றாது. ஆயினும் அவற்றின் பூர்வீகத்தை விசாரித்தால் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விடும். 1912-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பர் என்னும் ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமன் என்னும் நம் நாட்டு அறிஞரும் கொழுத்த கரும்பை நாணல் இனத்தோடு கலந்து புதிய வகைகளைத் தோற்றுவித்தனர். அவற்றுள் முதலாவதாகிய 'கோ 205' பஞ்சாப் வயல்களுக்கென்றே 1918-இல் வெளியிடப்பட்டது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. வேலை தேடி வடக்கே வந்த தமிழருக்கு முன்னரே கரும்பு வந்து குடியேறிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கரும்பின் பெருமையன்று. அதன் பகைவர்களையும், அப்பகைவர்களுக்குப் பகைவராய் அமைந்து கரும்பைக் காத்து நிற்கும் மிகச் சிறிய உயிர்களையும் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

பூச்சிகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் படித்தது வரலாறு, செய்வது மொழிபெயர்ப்பு. சில ஆண்டுகளுக்கு முன், கரும்பைத் தாக்கும் ஒரு பூச்சியைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழாக்கத்துக்காக என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு படம்: கரும்பு இலையின்மேல் அரிசி அளவில் வெண்மையான சிறு கூடுகள் வரிசையாய் ஒட்டியிருந்தன. படத்தின் கீழ் இருந்த ஆங்கிலச் சொல்லைப் 'புல்லுருவி' என்று பெயர்த்தேன். பிறர் உழைப்பில் வாழ்பவனை நாம் அப்படித்தானே ஏசுகிறோம்? அச்சுப்படி திருத்திய மூத்த அலுவலர் ஒருவர், குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர், என்னை அழைத்து, "தம்பி, இதைப் படிக்கிற சம்சாரி இந்த வெள்ளைக் கூட்டைக் கண்டால் என்ன செய்வான்?" என்று கேட்டார். "நசுக்கிவிடுவான்" என்றேன். "அதைத்தான் நசுக்கக் கூடாது என்று பிரசுரம் முழுவதும் எழுதியிருக்கிறீர்" என்றார் அவர். கரும்புக்குத் துணையாய் வந்த உயிருக்கு நான் பகைவனின் பெயரைச் சூட்டியிருந்தேன். நல்ல வேளையாக அது அச்சேறுமுன் 'ஒட்டுண்ணி' என்று திருத்தப்பட்டது. அந்த வெட்கமே இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கவும், வயலுக்குச் சென்று பார்க்கவும் என்னைத் தூண்டியது.

கரும்பின் பகைவர்களுள் முதன்மையானவை தண்டைத் துளைக்கும் புழுக்கள். பயிர் இளமையாய் இருக்கும்போது இளங்குருத்துப் புழு அடித்தண்டில் புகுந்து நடுக்குருத்தைக் காய வைக்கும். காய்ந்த குருத்தை இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும். முகர்ந்தால் துர்நாற்றம் வீசும். பயிர் கணு விட்டு உயர்ந்ததும் இடைக்கணுப் புழு தோன்றும். வடநாட்டில் இவற்றைக் காட்டிலும் தொல்லை தருவது நுனிக்குருத்துப் புழு. இது உச்சியில் புகுந்து வளர்ச்சியை நிறுத்திவிடுவதால், பக்கத்து மொட்டுகள் கிளைத்துக் கரும்பின் தலை துடைப்பம்போல் ஆகிவிடும்.

இவற்றை நஞ்சு தெளித்துக் கொல்லலாகாதா என்று கேட்பது இயல்பே. கொல்லலாம்; ஆனால், நஞ்சு புழுவைச் சென்றடைய வேண்டுமே! முட்டையிலிருந்து வெளிப்பட்ட புழு சில நாள்களுக்குள் தண்டுக்குள் நுழைந்து விடுகிறது. அதற்குப் பிறகு அது கோட்டைக்குள் இருக்கும் அரசனுக்கு ஒப்பானது. அன்றியும், ஐந்தாறு மாதப் பயிர் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பின்னர், முதுகில் தெளிப்பானைச் சுமந்து அதற்குள் புகுந்து வருவது எளிய காரியமன்று. சோகை முகத்தை அறுக்கும். தெளித்த மருந்து தெளித்தவன் மேலேயே விழும். வேரின் வழியே ஏறித் தண்டுக்குள் பரவும் மருந்துகள் இந்நாளில் வந்துள்ளன. அவை பயன்படவும் செய்கின்றன. விலைதான் சிறு விவசாயிக்கு எட்டுவதில்லை.

இந்நிலையில் புழுவாகும் முன்னரே, முட்டைப் பருவத்திலேயே பகையை முடித்துவிடும் உயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் டிரைக்கோகிரம்மா. குளவி இனத்தைச் சேர்ந்தது. குளவி என்றதும் நம் வீட்டு உத்தரத்தில் மண்கூடு கட்டும் குளவியை நினைத்து அஞ்ச வேண்டுவதில்லை. இதன் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு முற்றுப்புள்ளியின் அளவே என்று சொல்லலாம். இது மனிதரைக் கொட்டாது. பெண் குளவி கரும்பு இலையில் ஊர்ந்து திரிந்து, துளைப்பானின் தாய் அந்து இட்டுச் சென்ற முட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையைச் செலுத்திவிடுகிறது. உள்ளே பிறக்கும் குளவிக் குஞ்சு, தான் குடியேறிய முட்டையின் சத்தை உண்டு வளர்கிறது. முட்டை கறுத்துவிடுகிறது. ஏறத்தாழ எட்டுப் பத்து நாள்களில் அதைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது கரும்பைத் தின்னும் புழு அன்று; மற்றொரு குளவி.

இக்குளவியைப் பெருக்கும் முறை விந்தையானது. ஒரு பகைவனைக் கொண்டு மற்றொரு பகைவனை வெல்வதற்கு மூன்றாவது பகைவன் ஒருவன் உணவாகிறான். அரிசியையும் பிற தானியங்களையும் கெடுக்கும் அந்துப்பூச்சியை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர். ஆய்வுக்கூடத்தில் உடைத்த கம்பையும் சிறிது நிலக்கடலைத் தூளையும் அகன்ற தட்டுகளில் பரப்பி, அந்த அந்துப்பூச்சியை வேண்டுமென்றே வளர்க்கின்றனர். அதன் முட்டைகளைச் சேகரித்து, உள்ளிருக்கும் கரு வளராதபடி புற ஊதாக் கதிரில் காட்டி, கோந்து தடவிய அட்டையில் மணல் தூவியதுபோல் ஒட்டுகின்றனர். பிறகு அந்த அட்டையைக் குளவிகள் உள்ள பையில் இடுகின்றனர். குளவிகள் அம்முட்டைகளில் தம் முட்டைகளை இட, மூன்று நான்கு நாள்களில் அட்டை முழுவதும் கறுத்துவிடுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள முட்டைகள் என்றால் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 வரை இருக்கும். இடைக்கணுப் புழுவுக்கு எதிராக, நட்ட நான்காம் மாதம் தொடங்கிப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 கன சென்டிமீட்டர் வீதம் ஆறு முறை விட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குக் கூறப்படும் அளவு. அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வயலில் இடம்விட்டு இடம் இலையின் அடிப்புறத்தில் பொருத்தி வைத்தால் போதும். வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ கட்டுவது நல்லது. எறும்பு அட்டையைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நாள்களில் வயலில் நஞ்சு தெளிக்கலாகாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இது இன்று நேற்றுத் தோன்றிய முறையன்று. மைசூர் சமஸ்தானத்தில் 1930-களிலேயே இக்குளவியை வளர்த்துக் கரும்பு வயல்களில் விட்டுப் பார்த்தனர். 1957-இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் பெங்களூரில் அமைந்தது. இத்துறைக்கென அந்நகரில் 1993-இல் ஏற்பட்ட மத்திய அரசின் திட்ட இயக்ககம், இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் செயலகமாய் விளங்குகிறது. அங்குள்ள அறிஞர்கள் எண்டோசல்பான் என்னும் நஞ்சைத் தாங்கக்கூடிய ஒரு குளவி இனத்தையே தேர்ந்தெடுத்து வளர்த்தனர். தெளிப்பதை விடாத விவசாயியின் வயலிலும் அது பிழைத்திருக்கட்டும் என்பது நோக்கம். பின்னர் 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானையே தடை செய்தது. நஞ்சைத் தாங்கப் பயிற்றுவிக்கப்பட்ட குளவி இருக்க, நஞ்சு போயிற்று.

குளவியின் புகழை மட்டும் பாடிவிட்டு நிறுத்துவது முறையாகாது. அட்டை கட்டியும் பயன் காணவில்லை என்று சொல்லும் விவசாயிகள் உளர். அவர்கள் பொய் சொல்பவரல்லர். அட்டை என்பது உயிருள்ள சரக்கு. கோடை வெப்பத்தில் பேருந்தின் கூரைமேல் ஒரு நாள் கிடந்தால் குளவிகள் முட்டைக்குள்ளேயே மடியும். இரண்டு நாள் தாமதித்தால் பைக்குள்ளேயே பிறந்து பைக்குள்ளேயே இறக்கும். தாய் அந்து முட்டையிடும் காலமும் குளவி வெளிவரும் காலமும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்து வயல்காரர் நஞ்சு தெளித்தால், காற்று வேலியைப் பார்த்து நிற்பதில்லை. ஆகவே இக்குளவிகளை விடுவதால் விளையும் பயன் எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்தில்லை. என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், ஒரு வயல்காரர் தனித்துச் செய்வதைக் காட்டிலும் சர்க்கரை ஆலை தன் வட்டாரம் முழுவதற்கும் முன்னின்று செய்த இடங்களில்தான் இம்முறை நிலைத்திருக்கிறது.

இனி, என்னைத் தலைகுனிய வைத்த அந்த வெண்கூட்டின் கதைக்கு வருகிறேன்.

பைரில்லா என்பது வைக்கோல் நிறத்தில் மூக்கு நீண்ட ஒரு தத்துப்பூச்சி. அதன் குஞ்சுக்குப் பின்புறத்தில் வெண்மையான இரண்டு வால்கள் இறகுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். கரும்பு வயலுக்குள் நடந்தால் சலசலவென்று ஆயிரக்கணக்கில் துள்ளும். இலைச்சாற்றை உறிஞ்சிக் குடித்து, தேன்போன்ற கழிவை இலைமேல் சொரியும். அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து வயலே புகையடித்ததுபோல் ஆகும். கரும்பின் இனிப்புக் குறையும். அதைக் காய்ச்சினால் வெல்லம் சரியாகக் கட்டுவதில்லை. 1973-74 பருவத்தில் இப்பூச்சி வட இந்தியாவில் பெருவாரியாகப் பரவிற்று. அக்காலத்தில் பி.எச்.சி. என்னும் தூளைத் தூவினர். விமானங்களிலிருந்தும் மருந்து தெளித்தனர். அந்தத் தூள் இந்நாட்டில் 1997-இல் தடை செய்யப்பட்டது.

இப்பூச்சிக்கு இயற்கையிலேயே ஒரு பகைவன் உண்டு: எபிரிகேனியா என்னும் சிறிய கரிய அந்து. அது இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் கூட்டமாய் இடுகிறது. பொரித்து வரும் நுண்புழுக்கள் இலைமேல் காத்துக் கிடந்து, அவ்வழியே செல்லும் பைரில்லாவின் முதுகில் தொற்றிக்கொள்கின்றன. பிறகு குதிரைமேல் ஏறிய வீரன் குதிரையையே உண்பது போன்ற காரியம் நடக்கிறது. பைரில்லா துள்ளித் திரியும்போதே அதன் மேலமர்ந்த புழு அதன் உடற்சாற்றை உறிஞ்சி, வெண்மெழுகு பூசிய உடலுடன் பருக்கிறது. வளர்ச்சி முற்றியதும் இறங்கி, இலையில் வெண்கூடு கட்டிக்கொள்கிறது. சவாரி செய்யப்பட்ட பூச்சி பிழைப்பதில்லை.

மழை பெய்து காற்றில் ஈரம் மிகும்போது எபிரிகேனியா விரைந்து பெருகும். ஒரு வயலில் அது மிகுந்தும் மற்றொரு வயலில் அறவே இல்லாமலும் இருப்பது வழக்கமாதலால், அறிஞர் கண்ட உபாயம் மிக எளியது. வெண்கூடுகளும் முட்டைக் கூட்டங்களும் நிறைந்த இலைகளை மிகுதியாய் உள்ள வயலிலிருந்து அறுத்துக்கொண்டு போய், இல்லாத வயலின் கரும்பு இலைகளில் குத்தி வைப்பதே அது. ஹெக்டேருக்கு 4,000 முதல் 5,000 கூடுகள், அல்லது 4 முதல் 5 லட்சம் முட்டைகள் என்பது கணக்கு. ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை; மின்சாரம் வேண்டுவதில்லை; ஓர் அரிவாளும் ஒரு சைக்கிளும் இருந்தால் போதும். இம்முறையில் இந்த அந்து குஜராத், மகாராஷ்டிரம், ஒடிசா முதலிய மாநிலங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டு அங்கெல்லாம் நிலைபெற்றது. பைரில்லா அடியோடு அழிந்துவிடவில்லை. ஆயினும் முன்போல் மாகாணம் மாகாணமாய்ப் பயிரைச் சூறையாடும் வல்லமை அதற்குப் பெரிதும் குறைந்துவிட்டது. அறுவடைக்குப் பின் சோகையைக் கொளுத்திவிடும் வழக்கம்தான் இன்றும் இந்த நண்பனுக்குப் பெரிய ஆபத்து. நெருப்பு, கூட்டையும் பூச்சியையும் பிரித்தறியாது.

மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் வாழும் நேயர்களுக்கு 2002-ஆம் ஆண்டு நினைவிருக்கலாம். அதுவரை வடகிழக்கு மாநிலங்களிலும் வங்காளத்திலும் மட்டுமே பெரிதும் அறியப்பட்டிருந்த கம்பளி அசுவினி, அவ்வாண்டு தக்காணத்துக் கரும்பில் திடீரென்று தோன்றி, இலையின் அடிப்புறமெங்கும் பஞ்சு ஒட்டியதுபோல் மூடிற்று. அடுத்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. மருந்துக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. அப்போதும் துணைக்கு வந்தவை பூச்சிகளே. டைபா என்னும் அந்தின் புழு அசுவினிக் கூட்டத்துக்குள்ளேயே வலை பின்னிக்கொண்டு அவற்றைத் தின்று தீர்த்தது. நிழல்வலைக் கூடாரங்களுக்குள் கரும்பை நட்டு, அதில் அசுவினியையும் டைபாவையும் வளர்த்து, விவசாயிகளுக்கு வழங்கினர். அஸ்ஸாம் பக்கத்திலிருந்து என்கார்சியா என்னும் சிறு குளவியும் தெற்கே கொண்டுவரப்பட்டுக் குடியேறிற்று. சில ஆண்டுகளில் அந்தப் பீதி தணிந்தது.

ஓர் உயிரை அதன் ஊரிலிருந்து எடுத்து வேறோர் ஊரில் விடுவது எப்போதும் நன்மையிலேயே முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். ஜமைக்காத் தீவில் கரும்பைக் கடித்து நாசமாக்கிய எலிகளை ஒழிப்பதற்காக, 1872-இல் எஸ்ப்யூட் என்னும் தோட்ட முதலாளி நம் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். முதலில் எலிகள் குறைந்தன, முதலாளிகள் மகிழ்ந்தனர். பிறகு கீரிகள் பறவை முட்டைகளையும் பல்லிகளையும் கோழிக்குஞ்சுகளையும் தேடித் தின்னத் தொடங்கின. கீரி பகலில் திரிவது, எலி பெரும்பாலும் இரவில் திரிவது என்ற சிறு உண்மையை எவரும் கருதவில்லை. ஆஸ்திரேலியாவின் கதை இதனினும் பரிதாபமானது. 1935-இல் கரும்பின் வேரைத் தின்னும் வண்டினத்தை ஒழிக்க, ஹவாய்த் தீவுகளிலிருந்து 102 தேரைகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்து பெருக்கினர். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது. அதன் புழு மண்ணுக்குள் இருந்தது. தேரையோ தரையில் இருந்தது. வண்டு குறையவில்லை. தேரை மட்டும் கோடிக்கணக்கில் பெருகி, தன் உடலிலுள்ள நஞ்சினால், தன்னைத் தின்ன வந்த அந்நாட்டு விலங்குகளைக் கொன்றுகொண்டே கண்டத்தின் மேற்குக் கரைப் பகுதி வரை சென்றுவிட்டது.

கிடைத்ததையெல்லாம் தின்னும் பிராணிக்கும், குறிப்பிட்ட சில இனங்களின் முட்டையையோ புழுவையோ அன்றி வேறொன்றைத் தீண்டாத குளவிக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் விளங்குகிறது. நம் ஆசியக் கண்டத்துக் கொட்டேசியாக் குளவி, தண்டு துளைக்கும் புழுவின் உடலுக்குள் முப்பது நாற்பது முட்டைகளை இட்டு அதை மாய்ப்பது. 1970-களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அது பிரேசில் நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அங்குள்ள கரும்புத் துளைப்பான் வேறு இனமாயினும் குளவி அதை ஏற்றுக்கொண்டது. இன்று பிரேசிலில் அதை வளர்த்து விற்பதே ஒரு தொழிலாகியிருக்கிறது. நம் கீரி கெட்ட பெயரும் நம் குளவி நற்பெயரும் ஈட்டின.

சென்ற ஆண்டு, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் பூச்சி வளர்ப்புக்கூடத்தில் பணிபுரியும் நண்பரோடு ஒரு வயலுக்குச் சென்றேன். அவரும் நம்மவரே, விழுப்புரம் பக்கத்தவர். வயலுக்குரிய பெரியவர் எங்களுக்குக் கரும்புச்சாறு தந்து உபசரித்தார். அவருடைய கரும்பில் பைரில்லா ஏறியிருந்தது. கடைக்காரர் ஏற்கெனவே மருந்துப் புட்டியைக் கடனாகக் கொடுத்திருந்தார். அது திண்ணையில் இருந்தது. நண்பர் இலைகளைப் புரட்டிப் பார்த்து, ஓரிரண்டு இடங்களில் வெண்கூடுகளைக் காட்டி, "மழை தொடங்கிவிட்டது, இருபது நாள் பொறுங்கள்" என்றார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "பாபுஜி, நான் பொறுத்திருந்து இந்தப் பூச்சி தவறிவிட்டால் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தை இவர் கட்டுவாரா, நீங்கள் கட்டுவீர்களா?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. பிரசுரங்களை மொழிபெயர்க்கும்போது 'விவசாயிகள் நஞ்சு தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் அடங்கியிருப்பதை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை.

நண்பரும் வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. வயலை இரண்டாகப் பிரித்து, கூடுகள் தென்பட்ட பாதியை விட்டுவிட்டு மறுபாதியில் மட்டும் வேண்டுமானால் தெளிக்கச் சொன்னார். மிகுதியாய்க் கூடு கட்டியிருந்த வேறொரு வயலிலிருந்து மறுநாளே இலைகளை அறுத்துவந்து தாமே குத்தி வைத்தார். பெரியவர் பாதி வயலுக்குத் தெளித்தார்.

தீபாவளிக்குப் பின் நண்பர் தொலைபேசியில் பேசினார். தெளிக்காத பாதியிலும் பூச்சி அடங்கிவிட்டதாம். அதைவிட அவருக்கு மகிழ்ச்சி தந்த செய்தி வேறு. பெரியவர் ஒருவருக்கும் சொல்லாமல், வெண்கூடு ஒட்டிய இலைகளைக் கட்டுக்கட்டாய் அறுத்து, சைக்கிளின் பின்னே வைத்துக் கட்டிக்கொண்டு, ஏழெட்டு மைல் தொலைவிலுள்ள தம் மைத்துனரின் வயலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அதற்கு விலை வாங்கினாரா என்பதை மட்டும் நண்பரால் விசாரித்து அறிய முடியவில்லை.